கல்யாண விடுப்புக்கு முன் ஒரு பட்டியல்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
4 ஜனவரி 2026, ஞாயிறு

அன்புள்ளவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெங்களூரில் குளிர் ஜாஸ்தி என்று செய்தியில் பார்த்தேன். மப்ளர் கட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காதுதான் பிழைப்பு.

நேற்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்கு விட்ட சிறப்புப் பேருந்துகள் விடியும்வரை ஹாரன் அடித்தன. அது ஓய்ந்ததும் மார்கழி ஒலிபெருக்கி ஆரம்பித்துவிட்டது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, சத்தமே இல்லாத இசையைத் தேடி எழுதுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதலில் இந்த மாத இசைப் பட்டியல். பிப்ரவரியில் எனக்குக் காது சும்மா இருக்காது. அதனால் கல்யாண விடுப்புக்கு முன் இதுதான் கடைசி.

‘களப்பு’. மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு பெண் பெயர் போடாமல் வெளியிட்டிருக்கிறாள். பழைய கேசட் நாடாவை வெட்டி ஒட்டிச் சுழலவிடுகிறாள். ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் கொஞ்சம் தேய்கிறது. பதினெட்டாவது நிமிடத்தில் தேய்மானம் மட்டும்தான் மிச்சம். கரண்ட் போன மதியத்தில் கேட்டேன், ரொம்பப் பொருத்தம்.

‘மழைக்கு முன் பள்ளிக்கூடம்’. இம்பாலில் இரண்டு பேர், ஒரு கிடார், ஒரு ஓட்டை ஹார்மோனியம். துருத்தியிலிருந்து காற்று கசிவதை அவர்கள் மறைக்கவில்லை. ஆறாவது உருப்படியைத் தவிர்த்துவிடுங்கள், அதில் யாரோ பாட முயற்சி செய்கிறார்கள்.

‘உள்தாழ்ப்பாள்’. சென்னையில் ஒருவர் தன் வாடகை அறையில் செய்தது. நாற்பது நிமிடமும் ஒரே ஒரு தாழ்ந்த சுருதி. நடுவில் நான்கு தடவை யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவர் திறக்கவும் இல்லை, வாசிப்பதை நிறுத்தவும் இல்லை. சமீபத்தில் நான் அதிக தடவை கேட்டது இதுதான்.

வழக்கமாக ஐந்து எழுதுவேன். இன்று மூன்றுதான் வந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு பட்டியல் அனுப்பிக்கொள்வது, வேறெதையும் எழுதாமல் இருப்பது. நீங்கள் இந்த வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து ஒன்பது வருடமாக இதுதான் நம் ஒப்பந்தம். இன்று அதை மீறுகிறேன். நம் பெண் இனியா போனில் சொல்லியிருப்பாள். பிப்ரவரி எட்டாம் தேதி முகூர்த்தம். மாப்பிள்ளை ஆதவன், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நல்ல பிள்ளை. அவள் பேசும்போது செல்போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறான்.

அவள் சொல்லாத ஒன்று இருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது சம்பந்தியம்மா, “பொண்ணோட அப்பா எங்க இருக்காருங்க?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அக்கா முந்திக்கொண்டார்.

“மஸ்கட்லங்க. ஆயில் கம்பெனி. லீவே குடுக்க மாட்றான். கல்யாணத்தோட ஊருக்கே வந்துடறான். இனிமே இங்கதான் இருப்பான்.”

அவர்கள் போனதும், ஏன் இந்தப் பொய் என்று அவரைக் கேட்டேன். “பின்ன இன்னான்னு சொல்றது? புருசன் பெங்களூர்ல, பொண்டாட்டி இங்கன்னா? எந்த வூட்ல பொண்ணு எடுப்பாங்க?” என்றார் அண்ணி. வீடு அவர் பெயரில் இருக்கிறது. என் பள்ளிக்கூட வேலையும் இனியாவின் படிப்பும் இந்தக் கூரையின் கீழ்தான் நடந்தன.

தாரை வார்க்க நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும். மூன்று நாள் வந்தால் போதும். ஆனால் அண்ணி மாடி அறையை இப்போதே காலி செய்யச் சொல்கிறார், உங்களுக்காக.

நந்தினி


பெங்களூரு
6 ஜனவரி 2026

நந்தினிக்கு,

உன் கடிதத்தில் இவ்வளவு வார்த்தைகளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! சந்தோஷமாக இருந்தது.

‘உள்தாழ்ப்பாள்’ பிரமாதம். அந்தக் கதவைக் கவனித்தாயா? வேம்பு. பந்தயம் கட்டுகிறேன். தேக்காக இருந்தால் தட்டும் சத்தம் இவ்வளவு சீக்கிரம் அடங்காது. மூன்றாவது தட்டு மட்டும் உள்ளங்கையால் தட்டியது. ஸ்டுடியோவில் இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டினேன்.

என் பக்கத்திலிருந்து இரண்டு. ‘குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு தாலாட்டு’. குவஹாத்தியில் ஒரு செவிலியர், மருந்து வைக்கும் பெட்டியின் ரீங்காரத்தோடு சேர்ந்து முனகுகிறார். அடுத்தது ‘அரைச் சுற்று’. தஞ்சாவூர்க்காரர், பழைய மின்விசிறிகளை வைத்து. நீ இயற்பியல் வகுப்பில் போட்டுக் காட்டலாம்.

கல்யாணத்துக்கு வராமல் இருப்பேனா? மஸ்கட் என்றாலும் சரி, மதுரை என்றாலும் சரி, சொல்கிறபடி நடித்துவிடுகிறேன். அக்காவும் போனில் பேசினாள். நானே உன்னிடம் கேட்கலாம் என்று இருந்தேன். நடிக்க வேண்டாம் என்றால்? நிஜமாகவே ஊரோடு வந்துவிடட்டுமா? சினிமா வசனத்தில் இருக்கிற இரைச்சலை நீக்க நான் இரண்டு நாள் எடுத்துக்கொள்வேன். இப்போது கம்ப்யூட்டரே இரண்டு நிமிடத்தில் செய்துவிடுகிறது. என்னை வாரத்துக்கு ஒருமுறைதான் கூப்பிடுகிறார்கள். வயதும் நாற்பத்தொன்பது.

ஒரு யோசனை. இனியாவுக்கு என் பரிசாக ஓர் இசை செய்கிறேன், முழுக்க நம் வீட்டின் சத்தங்களை வைத்து. நான் விட்டுவிட்டு வந்த ரெக்கார்டர் இருக்கிறது அல்லவா? அதை ஏதாவது ஓர் இடத்தில் வைத்து, ஓடவிட்டு, மறந்துவிடு.

அருள்


வேங்கிக்கால்
18 ஜனவரி 2026

அன்புள்ளவருக்கு,

நலம். பொங்கல் நல்லபடியாக முடிந்தது.

ரெக்கார்டரை நான்கு நாள் அடுக்களை அலமாரியில் புளிச் சாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். குக்கர், முறத்தில் உளுந்து புடைப்பது, பாத்திரக்காரி எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்ப்பது, அண்ணியின் பேச்சு என்று எல்லாம் விழுந்திருக்கும். நான் திரும்பக் கேட்கவில்லை. அப்படியே அனுப்பியிருக்கிறேன். குளியலறைக் குழாயை மட்டும் பதிவு செய்யவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்.

மாடி அறைக்குக் கட்டில் வந்துவிட்டது. இரட்டைக் கட்டில். படிக்கட்டில் திரும்பாமல் கயிறு கட்டி வெளிப்பக்கமாக ஏற்றினார்கள். தெருவே நின்று பார்த்தது. எதிர்வீட்டு ஆராயி அக்கா, “என்னா நந்தினி, வூட்டுக்காரரு வர்றாருன்னு கட்டிலு மேல பறக்குது!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பது வருடம் கழித்து வருகிறவருக்கு மனைவி எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு இரண்டு புதுப் புடவை எடுத்திருக்கிறார் அண்ணி. என்னிடம் நிறம் கேட்கவில்லை.

என் ஸ்பீக்கர்கள் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. நாற்காலியை இனியாவின் அறைக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளியிலிருந்து வந்து ஒரு மணி நேரம் மாடி அறையில் உட்கார்ந்து இசை கேட்பேன். வேறொன்றும் செய்ய மாட்டேன். இவ்வளவு காலம் இந்த வீட்டில் என்னால் இருக்க முடிந்ததற்கு அந்த ஒரு மணி நேரம்தான் காரணம். இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால், “பாட்டு கேக்கறதுக்கு ஒரு ரூமா?” என்பார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த அறை சின்னது. ஒருவருக்குத்தான் காற்று வரும்.

இனியா தினமும் ஒரு பொய்யை மனப்பாடம் செய்கிறாள். மஸ்கட்டில் மணி இப்போது என்ன, அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறையா என்றெல்லாம் அண்ணி பரீட்சை வைக்கிறார். கல்யாணப் பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது.

நந்தினி


பெங்களூரு
27 ஜனவரி 2026

நந்தினிக்கு,

முடித்துவிட்டேன்! இருபத்திரண்டு நிமிடம். இணைத்திருக்கிறேன்.

அண்டா கவிழும் சத்தத்தை நீட்டி நீட்டி ஒரு கோயில் மணியளவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். உளுந்து, மழை மாதிரி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஏழாவது நிமிடத்தில் அக்கா வருகிறாள். என்ன குரல் நந்தினி அது! வெண்கலப் பானையைத் தட்டின மாதிரி. கூடப் பிறந்தும் இத்தனை வருடம் எனக்கு இது தெரியவில்லை. முதல் தடவை அப்படியே விட்டிருக்கிறேன். அப்புறம் அதையே எதிரொலியாக மூன்று அடுக்கு. நான் செய்ததிலேயே நல்லது இதுதான் என்று தோன்றுகிறது.

குழாயைப் பற்றி எழுதியிருந்தாய். இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்கிறேன். குளியலறைக்கு வெளியே ரெக்கார்டரை வைத்தபோது உள்ளே நீ அழுதுகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நான் தண்ணீரை மட்டும்தான் கேட்டேன். அதை வெளியிட்டு, யாரோ ஜெர்மன்காரர் பாராட்டி எழுதி, நான் உனக்குப் போட்டுக் காட்டியபோதுதான் நீ சொன்னாய். அப்புறம் கேட்டால் எனக்கும் கேட்டது. முதலில் ஏன் கேட்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

மாடி அறைக்குக் காற்று போதாது என்றால் மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்துவிடலாம். மலையும் தெரியும். வந்ததும் முதல் வேலை அதுதான்.

ஆறாம் தேதி மதியம் வருகிறேன்.

அருள்


வேங்கிக்கால்
4 பிப்ரவரி 2026

அன்புள்ளவருக்கு,

இன்று காலை பந்தக்கால் நட்டாயிற்று. இனி வீட்டுக்காரி ஊர் எல்லை தாண்டக் கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டார். செங்கம் சாலையில் ஒரு காபிக்கடையில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் நாளைக்குத் தனியாக வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு மணி நேரம் போய்வரலாம் என்று இருந்தேன். அது ஊருக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டதற்கு, “பந்தக்கால் நட்ட வூட்ல வெளக்கு ஏத்த ஆளு வாணாவா?” என்றார். போகப்போவதில்லை.

உங்கள் இசையைக் கேட்டேன், இரண்டு முறை, இயர்போனில். நன்றாக இருக்கிறது. எதையும் மாற்ற வேண்டாம்.

பென் டிரைவை மைக்செட் கோபியிடம் கொடுத்தேன். அங்கேயே கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா இது, பாட்டே ஆரம்பிக்கல?” என்றான். அதுதான் பாட்டு என்றேன். “அப்ப சரி, ஸ்பீக்கர் ரிப்பேருன்னு என்னிய அடிக்க வராம பாத்துக்க” என்றான்.

தாலி ஏறுவதற்கு முன் போடவே கூடாது, சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டாம் பந்திக்குத்தான் போட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். சம்பந்தி வீட்டார் உட்காரும் பந்தி அது.

வரும்போது வேட்டிக்கு பெல்ட் கொண்டுவாருங்கள்.

நந்தினி


பெங்களூரு
10 பிப்ரவரி 2026

நந்தினிக்கு,

உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

நீ அந்த நேரத்தில் மேடைக்குப் பக்கத்தில் இருந்தாய். கூடத்தில் நடந்ததை யார் யாரோ உனக்குச் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்ல வேண்டும்.

பலராமன் சம்பந்திக்கு எதிரே என்னை உட்காரவைத்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். சாம்பார் முடிந்து ரசம் வந்துகொண்டிருந்தது. என் இசை ஓடிக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் பெருமை. அண்டா மணி அடங்கியது. உளுந்து மழை. அப்புறம் நான்கு ஸ்பீக்கரிலும் அக்காவின் குரல்.

“மஸ்கட்னே சொல்லு. பெங்களூர்னு வாய் தவறிகூட வரக் கூடாது. உங்கப்பனும் ஆத்தாளும் ஒம்போது வருசமா தனித்தனியா கீறாங்கன்னு தெரிஞ்சா அவங்க எந்திரிச்சிப் போய்டுவாங்க.”

அப்புறம் எதிரொலி. “தனித்தனியா… தனித்தனியா…” நானே கைப்பட அடுக்கியது. அந்தக் குரலோடு ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறேன் நந்தினி. ஒவ்வொரு எழுத்தையும் வெட்டி ஒட்டியிருக்கிறேன். என்ன சொல்கிறாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை.

கூடமே நின்றுவிட்டது. ரசம் ஊற்றுகிறவர் வாளியோடு நின்றார். பலராமன் இலையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“மஸ்கட்ல வெயிலு எப்டிங்க சம்பந்தி?”

நான் காலி டம்ளரை எடுத்து வாயில் வைத்தேன்.

“ஊத்துப்பா ரசத்த, ஆறுது” என்று வாளிக்காரரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் எல்லோரும் சாப்பிட்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலை நான்கு மணி பஸ்ஸைப் பிடித்தேன். மறுவீட்டு விருந்துக்குக்கூட நிற்கவில்லை. இனியாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். குழாய்க்கு அப்புறம் இது. நான் ஒரே தப்பை இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. இனி மறைக்க எதுவும் இல்லை. யாருக்காகவும் நடிக்க வேண்டியதில்லை. ஸ்டுடியோவில் மார்ச்சோடு கணக்கு முடிக்கிறார்கள். இப்போது பொய்க்காக இல்லாமல், நிஜமாகவே வரட்டுமா?

அருள்


வேங்கிக்கால்
1 மார்ச் 2026, ஞாயிறு

அன்புள்ளவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். இனியாவும் ஆதவனும் தினமும் சாயங்காலம் வந்து போகிறார்கள். நீங்கள் கேட்கச் சொன்ன மன்னிப்பை அவளிடம் கேட்டேன். சிரித்தாள். பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே ஆதவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். “நீங்க பெரியவங்க மூணு பேரும்தாம்மா அந்தப் பொய்ய காப்பாத்திக்கினு இருந்தீங்க” என்றாள். எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால் எப்படி நடந்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

சம்பந்தியம்மா அன்றைக்கே என்னைத் தேடி மேடைப் பக்கம் வந்தார். கை கழுவிய ஈரத்தோடு என் கையைப் பிடித்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“எத்தினி வருசமா?”

“ஒம்போதுங்க.”

“தனி ரூமு?”

“ஆமாங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “குடுத்து வெச்சவ” என்றார். பிறகு, “எங்காளு கொறட்டைக்கு எங்க போறது?” என்று சொல்லிவிட்டுப் பாயசம் போதுமா என்று பார்க்கப் போய்விட்டார்.

அண்ணி என்னோடு பேசி மூன்று வாரமாகிறது. கடைசியாகப் பேசியது, “ஊரே சிரிக்குது, உனுக்கு சந்தோசமா?” என்பது. சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறார். வீட்டைவிட்டுப் போகச் சொன்னால், இனியாவின் தெருவிலேயே ஒரு போர்ஷன் பார்த்து வைத்திருக்கிறேன். சொல்வார் என்று தோன்றவில்லை. அவருக்கும் இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

கட்டிலை இனியாவுக்குக் கொடுத்துவிட்டேன். மறுபடியும் கயிறு கட்டி இறக்கினார்கள். இந்த முறை ஆராயி அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தப்பு உங்களுடையது மட்டும் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் வார்த்தையைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். முதல் தடவை கேட்டபோதே, ஏழாவது நிமிடத்தில், ஒவ்வொரு சொல்லும். இயர்போனைக் கழற்றிவிட்டேன். பிறகு மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன். உங்களுக்குச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வெட்டி எறிந்திருப்பீர்கள். நான் சொல்லவில்லை. ‘எதையும் மாற்ற வேண்டாம்’ என்று எழுதினேன். தாலி ஏறிய பிறகு போடு என்று கோபியிடம் சொன்னது அதற்காகத்தான். எந்தப் பந்திக்கு என்று சொன்னதும் அதற்காகத்தான்.

என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. இருபத்தைந்து வருடமாக இந்த வீட்டில் நான் சொன்ன எதுவும் யார் காதிலும் விழுந்ததில்லை. அண்ணியின் குரல்தான் எல்லோருக்கும் கேட்கும். அதையே சொல்லவிட்டேன். அவரைப் பலபேர் முன்னால் கூனிக் குறுகவைத்தேன், உங்களையும். அதற்கு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன். ஆனால் வருத்தப்படவில்லை.

அறையில் ஒருவருக்குத்தான் காற்று வரும் என்று எழுதினேன். நீங்கள் ஜன்னல் வைக்கிறேன் என்றீர்கள். நான் ஜன்னலைப் பற்றி எழுதவில்லை. ‘உள்தாழ்ப்பாள்’ பற்றி எழுதினேன். நீங்கள் அது என்ன மரம் என்று சொன்னீர்கள். ஒருவேளை வேம்பாகவே இருக்கலாம்.

போனில் சொன்னால் என் குரல் எப்படி இருந்தது என்றுதான் உங்களுக்கு நினைவிருக்கும். நேரில் சொன்னால் பின்னால் ஓடும் மின்விசிறி நினைவிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் சத்தம் கிடையாது.

அருள், நீங்கள் வர வேண்டாம்.

இனியாவைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். அவள் வீட்டில் தங்குங்கள். என்னோடு வாழ வர வேண்டாம். பெங்களூரில் வேலை போனால் சென்னையில் தேடுங்கள். உங்கள் காதுக்கு எங்கேயும் வேலை கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விடுப்பு முடிந்தது. இந்த மாதம் ஒன்றே ஒன்றுதான். உங்கள் இருபத்திரண்டு நிமிடம். ஏழாவது நிமிடத்தை மறந்துவிட்டுப் பன்னிரண்டாவதிலிருந்து கேளுங்கள். அங்கே யாரும் பேசவில்லை, உளுந்து மட்டும் புடைபடுகிறது. புடைக்கிறது நான்தான். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி மூச்சு விடுகிறேன். அதை நீங்கள் வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள். நீங்கள் செய்ததிலேயே நல்லது இதுதான், நீங்கள் சொன்னது சரி.

உங்கள் ஐந்தை எழுதுங்கள். மணி ஐந்தாகிறது, நாற்காலி மாடிக்கு வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறேன்.

நந்தினி